கேட்போர் யார்?

ஓர் இளங்கலை மாணவர் ஆறு பருவங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட தேர்வுகளை எழுதுகிறார். தமிழ்நாட்டில் பல இடங்களில் வினாத்தாளின் அமைப்பு ஒன்றுதான்: இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று, ஆக 75. எஞ்சிய 25 அகமதிப்பீடு. மூன்று மணி நேரம் கை வலிக்க எழுதிய தாள் திருத்தும் மையத்துக்குப் போகிறது. மதிப்பெண்ணாக மட்டும் திரும்பி வருகிறது. எந்த வாக்கியம் புரியவில்லை, எந்தக் கூற்றுக்கு ஆதாரம் போதவில்லை, எந்தப் பத்தி முன்னால் வந்திருக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. அசைன்மென்ட் என்று எழுதித் தருவதும் பெரும்பாலும் ஒரு கையொப்பத்தோடு அலமாரிக்குப் போய்விடுகிறது. பிறகு கடைசிப் பருவத்தில் திடீரென்று ஐம்பது அறுபது பக்கத்துக்குப் ப்ராஜெக்ட் எழுதச் சொல்கிறோம். முன்னாய்வுகளை மதிப்பிடு, கருதுகோள் அமை, தரவை விளக்கு, முடிவுக்கு வா என்கிறோம். அது சரியாக வராதபோது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியவில்லை என்று ஆசிரியர் அறைகளில் பேசிக்கொள்கிறோம்.

வருத்தம் நியாயமானது. காரணத்தைத் தேடும் இடம்தான் சரியில்லை. மாணவரின் மொழி, உழைப்பு, நேர்மை ஆகிய மூன்றையும் மாறி மாறிக் குற்றம் சொல்கிறோம். அவர் எழுதுவதை யார் படிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. வாசகரே இல்லாத எழுத்தை ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகியவரிடம் வாசகரை மதிக்கும் எழுத்து எப்படி வரும்? பல்கலைக்கழக எழுத்தின் குறைகளில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை என்பது என் கருத்து.

முதலில் ஆங்கிலம் பற்றிய விளக்கத்தைப் பார்க்கலாம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021–22இல் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் அது 47. இந்த உயர்வுக்குப் பின்னால் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் ஏராளம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பொருளாதாரத்தையோ விலங்கியலையோ ஆங்கிலத்தில் எழுத நேர்கிறவரின் திணறல் உண்மையானது. ஆனால் ஆங்கிலம்தான் தடை என்றால், தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகள் தெளிவாக அல்லவா இருக்க வேண்டும்?

தமிழ் ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கக்கூடிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘இந்நாவலில் பெண்கள் பல்வேறு சிக்கல்களுக்கு ஆளாகின்றனர் என்பதை அறிய முடிகிறது.’ இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பெண்கள், என்ன சிக்கல், யார் அறிகிறார்கள், நாவலைப் படிக்கும் முன் அறிய முடியாத எதை அறிந்தார்கள்? எந்த நாவலைப் பற்றிய ஆய்வேட்டிலும் இதை அப்படியே செருகலாம். யாரும் மறுக்க முடியாது என்பதால் யாருக்கும் பயனும் இல்லை. ‘எனலாம்’, ‘புலனாகிறது’, ‘காணலாகிறது’, ‘எடுத்தியம்புகிறார்’ என்று பக்கத்துக்குப் பத்து முறை வரும் முடிவுகளும் இதே வகை. எழுதுபவர் எந்தக் கூற்றுக்கும் பொறுப்பேற்காமல் நழுவ இவை உதவுகின்றன. தாய்மொழியிலேயே இப்படி எழுத நேர்கிறது என்றால், குறை மொழியறிவுக்கும் அப்பால் இருக்கிறது. ‘எந்தப் பெண்?’ என்று ஓரத்தில் எழுதிக் கேட்க ஒருவர் இருந்திருந்தால் அடுத்த வரைவில் அந்த வாக்கியம் நின்றிருக்காது.

மாணவர்கள் படிப்பதில்லை என்பது அடுத்த விளக்கம். அது பெரும்பாலும் உண்மை என்பதால் அதில் அதிகம் நிற்கத் தேவையில்லை. நோட்ஸைத் தாண்டாமலே பட்டம் வாங்கிவிட முடிகிற வரை, நல்ல நூலகம் இருந்தும் பயன் குறைவுதான்.

சொல்வது யாருக்கு என்ற கேள்வியை நம் பழைய நூல் மரபு மிகக் கறாராகக் கேட்டிருக்கிறது. நூல் என்று ஒன்று எழுதினால் அதன் முகப்பில் சிறப்புப் பாயிரம் இருக்க வேண்டும். அதில் ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, நூல் வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் சொல்ல வேண்டும் என்கிறார் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி. இன்றைய ஆய்வேட்டு முன்னுரைப் படிவத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்பு உண்டு, ஆய்வு எல்லை உண்டு, நோக்கம் உண்டு, இயல் பகுப்பு உண்டு, ஆய்வின் பயன் என்று ஒரு பத்தியும் உண்டு. கேட்போர் மட்டும் காணாமல் போய்விட்டார். அந்த இடத்தில் எழுதாமலே எழுதப்பட்டிருப்பது ‘தேர்வாளர்’ என்ற ஒற்றைச் சொல்தான்.

நன்னூலின் பாயிரம் நூல் செய்பவர் பிறர் கருத்துகளை எதிர்கொள்ளும் ஏழு வகைகளையும் சொல்கிறது. அவற்றை மதம் என்று குறிப்பிடுகிறது. பிறர் சொன்னதோடு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு போய்ப் பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி அதை நிறுவுவது, இருவர் முரண்படும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் சாராமல் தன் கருத்தைக் கொள்வது. பல்கலைக்கழகங்களில் ‘முன்னாய்வுகள்’ என்று ஓர் இயல் எழுதச் சொல்கிறோமே, அங்கே ஒரு மாணவர் செய்ய வேண்டியவை இந்த ஏழுதான். உரையாசிரியர்கள் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதும்போது தமக்கு முன் எழுதிய இளம்பூரணரின் கருத்தை எடுத்துச் சொல்லி, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டிவிட்டுத்தான் தம் கருத்துக்கு வருகிறார். பரிமேலழகர் தாம் ஏற்காத பாடத்தையும் குறிப்பிட்டே மறுக்கிறார். படிப்பவர் முந்தைய உரையையும் கையில் வைத்திருப்பார், கேள்வி கேட்பார் என்ற உணர்வு அந்த உரைநடையில் இழையோடுகிறது.

அச்சுக் காலத்திலும் இந்த உணர்வு தொடர்ந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஏடுகள் எவரிடமிருந்து கிடைத்தன, அவை எந்த நிலையில் இருந்தன என்பதை முகவுரையில் பதிவு செய்தார். மூலத்தைத் தேடிச் சரிபார்க்க நினைக்கும் வாசகருக்கு வழிகாட்டுவதுதான் அந்தக் குறிப்புகளின் வேலை. அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் இதற்காகவே இருக்கின்றன என்று எந்த வகுப்பில் சொல்லித்தருகிறோம்? பதிப்பாளர் பெயருக்குப் பின் காற்புள்ளியா அரைப்புள்ளியா என்பதைத்தான் மணிக்கணக்கில் விளக்குகிறோம்.

மேற்கிலும் இந்தக் கேள்வி பழையது. ஹார்வர்டு 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. நல்ல பள்ளிகளிலிருந்து வந்தவர்களே மோசமாக எழுதியது தெரிந்ததும், 1885இல் எழுத்துப் பயிற்சி முதலாண்டுப் பாடமானது. அப்போது அந்தப் பயிற்சியின் பெரும்பகுதி பிழை திருத்தம்தான். 1970களில் பார்வை மாறியது. பீட்டர் எல்போ 1973இல், ஆசிரியர் இல்லாமலே சிறு குழுவாக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து என்ன தோன்றியது என்று சொல்லும் முறையை முன்வைத்தார். ஜேனட் எமிக் 1977இல் எழுதுவதே கற்கும் ஒரு வழி என்று வாதிட்டார். சிந்தித்து முடித்தபின் எழுதுவது என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. 1990இல் ஜான் ஸ்வேல்ஸ் ஆய்வுக்கட்டுரைகளின் முன்னுரைகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் மூன்று நகர்வுகள் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார்: துறையின் களத்தை வரைவது, அதில் நிரப்பப்படாத இடத்தைக் காட்டுவது, அந்த இடத்தில் தன் ஆய்வை நிறுத்துவது. இன்று உலகம் முழுக்க ஆய்வெழுத்துப் பயிலரங்குகளில் கற்றுத்தருவது பெரும்பாலும் இவருடைய வரைபடத்தைத்தான்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது மேரி லீ, பிரையன் ஸ்ட்ரீட் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு. இங்கிலாந்தின் இரண்டு பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சந்தித்துப் பேசி எழுதியது. நல்ல எழுத்துக்கு ‘கட்டமைப்பு’ வேண்டும், ‘வாதம்’ வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அவை என்ன என்று கேட்டால் தெளிவாக விளக்க அவர்களால் முடிவதில்லை. ஒரு துறையில் நன்றாக எழுதுபவராக மதிக்கப்பட்டவரே அடுத்த துறையில் ‘வாதமில்லை’ என்ற குறிப்பைப் பெறுகிறார். துறைக்குத் துறை எதிர்பார்ப்பு வேறு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது அவர்கள் கண்டது. நம் நிலையும் இதுதான். ஓரத்தில் ‘தெளிவில்லை’ என்று மட்டும் எழுதித் தருகிற ஆசிரியர், தெளிவு என்று தாம் எதைக் கருதுகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்வேல்ஸின் வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை மிகத் தெளிவாகச் சொன்னவர் ஒரு தமிழர். சுரேஷ் கனகராஜா 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரானார். ஆய்வெழுத்தின் புவியரசியல் பற்றி 2002இல் அவர் எழுதிய ஆங்கில நூல், போர்க்காலத்தில் மின்சாரமும் தாளும் அஞ்சலும் நிச்சயமில்லாத ஊரிலிருந்து வெளிநாட்டு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படியிருந்தது என்று விவரிக்கிறது. கட்டுரையைப் பல படிகள் எடுத்து அனுப்பு என்பார்கள்; படியெடுக்கத் தாளில்லை. அண்மைக்கால ஆய்வுகளை மேற்கோள் காட்டு என்பார்கள். அந்த இதழ்கள் நூலகத்துக்கு வருவதே இல்லை. ஆகவே முன்னாய்வுப் பகுதி மெலிந்திருக்கும். மதிப்பீட்டாளர் அதைச் சிந்தனையின் மெலிவாகப் படிப்பார். எழுத்தின் தரம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு வசதியின் தரம் கலந்திருக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாக வேறு யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. கிராமத்துக் கல்லூரி மாணவரின் ஆய்வேட்டை மதிப்பிட உட்காரும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஓர் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கண்மாயின் பராமரிப்பைப் பற்றி முதுகலை மாணவி ஒருவர் ப்ராஜெக்ட் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னாய்வுகள் இயலை அவர் வழக்கமாக எழுதும் விதம் இது: ‘அனில் அகர்வால், சுனிதா நாராயண் (1997) தம் நூலில் இந்தியாவின் மரபான நீர் சேகரிப்பு முறைகள் பற்றிக் கூறியுள்ளனர். டேவிட் மாஸ் (2003) தம் நூலில் தென்னிந்திய ஏரிப் பாசனம் பற்றிக் கூறியுள்ளார்.’ இப்படியே பதினைந்து நூல்கள். ஆண்டு வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு பத்தியும் ‘கூறியுள்ளார்’ என்று முடியும். நூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. மாணவியும் அவற்றோடு பேசுவதில்லை.

ஆனால் அந்த இரண்டு நூல்களும் உண்மையில் சண்டையிடுபவை. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 1997இல் வெளியிட்ட நூல், ஊர் மக்கள் தாமே காத்துவந்த நீர்நிலைகள் காலனிய அரசு தலையிட்டதால் சீரழிந்தன என்ற கதையைச் சொல்கிறது. மானிடவியலாளரான மாஸ் அதை ஏற்கவில்லை. கண்மாய்கள் என்றைக்குமே தன்னாட்சியோடு இயங்கிய ஊர்ச் சொத்தாக இருந்ததில்லை. பாளையக்காரர், ஜமீன்தார், கோயில், சாதி என்று அதிகாரத்தோடு பின்னிப் பிணைந்தே இருந்தன என்கிறார். ஊரார் உழைத்து நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்ற சித்திரம் உருவானதில் காலனிய அரசுக்கும் பங்குண்டு என்று காட்டுகிறார். சென்னை மாகாணத்தில் அந்த உழைப்பை 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் கடமையாக்கியது. குடிமராமத்து என்ற அதே பெயரில் 2017இல் தமிழ்நாடு அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இப்போது மாணவியின் கண்மாய் எங்கே நிற்கிறது என்று தெரிகிறது அல்லவா? அவர் எழுத வேண்டியது இப்படி:

‘குடிமராமத்து ஊராரின் தன்னிச்சையான ஒத்துழைப்பு என்பவர்களுக்கும், அது அதிகாரத்தின் ஏற்பாடு என்பவர்களுக்கும் இடையே கருத்து மாறுபாடு உண்டு. நான் பார்த்த கண்மாயில் மடை திறக்கும் பொறுப்பு இன்னும் நீர்ப்பாய்ச்சிகளிடம் இருக்கிறது. அவர்களுக்குரிய நெல் கூலி நின்றுவிட்டது. 2017க்குப் பின் நடந்த கரைவேலையை முடிவு செய்தவர்கள் நீர்ப்பாய்ச்சிகள் அல்லர். இந்த ஒரு கண்மாயைப் பொறுத்தவரை இரண்டாவது தரப்பே பொருந்துகிறது. ஆனால் வறட்சிக் காலத்தில் தண்ணீரைப் பங்கிடும் முறையை அது முழுதாக விளக்கவில்லை.’

பண்டித நடையும் கடினச் சொல்லும் இதில் இல்லை. இருவர் மாறுபாட்டில் ஒரு பக்கம் துணிகிறார்; துணிந்த பக்கத்தின் குறையையும் காட்டுகிறார். தாம் பார்த்ததற்கும் பிறர் சொன்னதற்கும் எல்லை வகுக்கிறார். ‘நான்’ என்று எழுதலாமா என்று நெறியாளர்கள் தயங்குவார்கள். கண்மாய்க் கரையில் நின்று பார்த்தவர் அவர்தான் என்பதால் அந்தச் சொல் இங்கே வேண்டும். கடைசி வாக்கியம் அடுத்த இயலுக்கு வழி திறப்பதையும் கவனிக்கலாம். இந்தப் பத்தி முதல் வரைவில் வந்துவிடாது. ‘இவர்கள் இருவரும் ஒத்துப்போகிறார்களா?’ என்று ஒருவர் கேட்க வேண்டும். பிறகு ‘நீ பார்த்த கண்மாயில் எப்படி?’ என்று கேட்க வேண்டும். இரண்டே கேள்விகள். பல மாணவர்களுக்கு இந்த இரண்டு கேள்விகளைக் கேட்க ஆளில்லை.

கேள்வி கேட்கும் வாசகரை வைக்க வேண்டிய இடத்தில் நாம் ஒரு மென்பொருளை வைத்திருக்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகளின்படி 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைத் தர முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. பொது அறிவாகக் கருதத்தக்கதும் தற்செயலாக ஒத்துப்போவதுமான சொற்களில் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை கணக்கில் வராது. விதி தேவையானதுதான். ஆனால் மாணவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டது சதவீதத்தைக் குறைக்கும் வித்தையை. ‘வளர்ச்சி’யை ‘மேம்பாடு’ ஆக்கி, வாக்கியத்தை முன்பின்னாகப் புரட்டி, எண்ணைக் கீழே இறக்கித் தரக் கட்டணம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பிறர் கருத்தை அவர் பெயர் சொல்லாமல் சொல்வது திருட்டு என்ற அறம் எங்கோ நழுவிவிட்டது. தமிழ் ஆய்வேடுகளில் இன்னொரு விசித்திரமும் உண்டு. யூனிகோடை அரசு 2010இலேயே ஏற்றுவிட்டது. அதன் பிறகும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேட்டை மென்பொருளில் இட்டால், அதற்குத் தெரிவது ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற வரிசைதான். அப்படி வரும் ஒப்புமைச் சான்றிதழ் நேர்மையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஆய்விதழ் விவகாரமும் இதே பாதையில்தான் போனது. முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தரும் முன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2016 விதிகள் சொல்லின. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சேற்றும் இதழ்கள் பெருகின. மானியக் குழு தானே ஏற்றிருந்த பட்டியலிலிருந்து 2018இல் 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது. 2022 விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன, எம்.ஃபில். பட்டமும் அவற்றோடு முடிவுக்கு வந்தது. எம்.ஃபில். போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஓராண்டில் சிறிய ஆய்வேடு ஒன்றை எழுதித் தவறிக் கற்றுக்கொள்ள அது இடம் தந்தது. இன்று மாணவர் முதுகலையிலிருந்து நேராக முனைவர் ஆய்வுக்குள் விழுகிறார். வெளியீட்டு நெறி பற்றி இரண்டு கிரெடிட் பாடம் கட்டாயமாகியிருப்பது நல்லது. பல இடங்களில் அதற்கும் ஒரு தேர்வு வைத்து, பத்து மதிப்பெண் வினாவாக்கி முடித்துவிடுகிறார்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் நிலைமை இன்னும் கூர்மையாகிவிட்டது. யாரையும் உறுத்தாத, எங்கும் பொருந்தும், வழுவழுப்பான வாக்கியங்களை அது நொடியில் தருகிறது. நாம் மாணவர்களிடம் இத்தனை காலம் எதற்கு மதிப்பெண் போட்டோமோ அதைத்தான் தருகிறது. இல்லாத நூலுக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கொடுத்துப் பட்டியலும் போடுகிறது. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு மென்பொருளை நம்புவதும் ஆபத்து. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டறி மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாமே எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகச் சொல்லின. எளிய சொற்களில் எழுதும் நம் மாணவரைத்தான் அந்த வலை முதலில் பிடிக்கும். ஆசிரியர் எதிரே உட்கார்ந்து ‘இந்த நூலில் எந்தப் பகுதி உனக்கு உதவியது?’ என்று கேட்பதைவிட நம்பகமான சோதனை இன்றும் இல்லை.

என்ன செய்யலாம்? கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆசிரியர்களின் உண்மையான தடை நேரம். அறுபது பேர் உள்ள வகுப்பில் வாரம் ஒரு பக்கம் வாங்கினால், பக்கத்துக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரம். நான்கு வகுப்புகள் எடுப்பவருக்கு இருபது மணி நேரம். கௌரவ விரிவுரையாளராக ஓடிக்கொண்டிருப்பவரிடம் இதைக் கேட்பது அநியாயம். ஆனால் வகுப்பை நான்காகப் பிரித்தால், வாரம் பதினைந்து பேரின் பக்கத்தை ஆசிரியர் படிக்கலாம். மற்ற மூன்று குழுக்களும் அந்த வாரம் தமக்குள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். எல்போ சொன்னது போலச் சகமாணவர் பிழை திருத்த வேண்டியதில்லை. எங்கே புரியாமல் நின்றேன், எதை நம்பவில்லை, இன்னும் எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன் என்று மூன்று குறிப்புகள் எழுதினால் போதும். ஆசிரியரும் எல்லாவற்றையும் திருத்த வேண்டாம். சிவப்பு மையில் ஒற்றுப் பிழை அத்தனையையும் வட்டமிட்டுத் தருவதைவிட, ஒரு கூற்றைப் பிடித்து ஒரு கேள்வி கேட்பது மாணவரை அதிகம் நகர்த்தும். ஒற்றுப் பிழையைக் கடைசி வரைவில் பார்த்துக்கொள்ளலாம். அகமதிப்பீட்டின் 25இல் ஐந்தையாவது முதல் வரைவுக்கும் திருத்திய வரைவுக்கும் இடையிலான மாற்றத்துக்கு ஒதுக்கினால், வரைவு என்று ஒன்று உண்டு என்பதே முதலாண்டு மாணவருக்குத் தெரியவரும்.

முனைவர் பட்ட நிலையில் ஒரு பேராசிரியர் எட்டுப் பேர் வரையும், இணைப்பேராசிரியர் ஆறு பேர் வரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரையும்தான் நெறிப்படுத்தலாம் என்று விதி இருக்கிறது. படிக்க முடியாத எண்ணிக்கை அல்ல இது. ஆயினும் ஐந்தாம் ஆண்டில் முழு ஆய்வேடும் டிடிபி முடிந்து வந்தபின் முதல்முறையாகப் படிக்கும் நெறியாளர்கள் இருக்கிறார்கள். அந்நேரத்தில் சொல்லப்படும் எந்தக் கருத்தும் மாணவருக்குப் பேரிடி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குழு முன் வைக்கும் முன்னேற்ற அறிக்கையின் இடத்தில் பத்துப் பக்க வரைவை வைக்கச் சொல்லலாம். இதற்குப் புதிய விதி வேண்டாம், புதிய நிதியும் வேண்டாம்.

மாணவர்களிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம். படிக்கும் நூலில் பிடித்த வரிக்குக் கோடு போடுவதோடு நிற்காமல், ‘இவர் சொல்வது யாருக்கு எதிராக?’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பின்னால் முன்னாய்வு இயல் அந்த வரிகளிலிருந்து எழும். பக்க எண்ணை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ‘எனலாம்’ என்று கை போகும்போது நின்று, ‘என்பேன்’ என்று எழுதத் துணிவிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கூற்றுக்கு ஆதாரம் போதவில்லை என்று பொருள். எழுதியதை யாராவது ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

வாசகர் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இருக்கிறார். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் இலட்சக்கணக்கான ஆய்வேடுகள் யாரும் இறக்கிப் படிக்கும்படி கிடக்கின்றன. தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றி, தொழில்களைப் பற்றி, கோயில்களையும் கண்மாய்களையும் பற்றி எழுதப்பட்டவை அவற்றில் எத்தனையோ. அந்த ஊர்க்காரர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்டவை சில. மேலே சொன்ன மாணவி தம் இயலின் ஒரு படியைக் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்திடம் கொடுத்தால், எந்த மடை எப்போது தூர்ந்தது என்று அவர் போட்ட அட்டவணையில் பிழை இருந்தால் அன்று மாலையே திருத்திவிடுவார்கள். பிழையில்லாத அட்டவணை அவர்களுக்கும் உதவும். அடுத்த முறை நீர்வளத்துறைப் பொறியாளரைப் பார்க்கப் போகும்போது மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.